வாஷிங்டன் என்னும் குடும்பப்பெயர்: டர்ஹாம் பண்ணையிலிருந்து 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயருடன் 1,63,036 பேர் பதிவாகியிருந்தனர். அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அந்நாட்டில் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் கறுப்பின மக்களிடையே இந்த அளவுக்குச் செறிந்திருக்கும் பெயர் வேறில்லை. ஆனால் ஆங்கிலப் பெயர்களின் அகராதியைத் திறந்தால் இப்பெயருக்குக் கிடைக்கும் விளக்கம் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஓர் ஊரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘வாஸா என்பவரைச் சார்ந்த பண்ணை’ என்பது அந்த ஊர்ப்பெயரின் பொருள். இந்த விளக்கத்தில் பிழை இல்லை. எனினும், இன்று இப்பெயரைத் தாங்கியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் வரலாறு அந்தப் பண்ணையில் தொடங்கியதன்று. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதும், அந்தச் சொல்லை ஒரு மனிதர் எப்போது, எந்த நிலையில் தன் பெயராக ஏற்றார் என்பதும் வேறு வேறு கேள்விகள். குடும்பப்பெயர் ஆய்வில் இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து. அதற்கு வாஷிங்டனைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தில் வியர் ஆற்றுக்கு வடக்கே, முன்பு டர்ஹாம் கவுண்டியைச் சேர்ந்திருந்து இப்போது சண்டர்லாந்து மாநகர ஆட்சிப் பகுதிக்குள் அடங்கும் ஊர் வாஷிங்டன். வாஸா என்பது ஓர் ஆள்பெயர். ‘இங்’ என்பது ‘அவரைச் சார்ந்த’ என்ற உறவைக் குறிக்கும் இடைநிலை. ‘டூன்’ என்பது வேலியிட்ட நிலம், பண்ணை, குடியிருப்பு என விரிந்த சொல். இன்றைய ஆங்கிலத்தில் நகரத்தைக் குறிக்கும் ‘டவுன்’ என்ற சொல்லும் அந்த ‘டூன்’ வழி வந்ததே. பெயரின் முற்பகுதி, துவைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிப்பது பிற்கால எழுத்துமுறையால் நேர்ந்த தற்செயல். இங்கிலாந்தின் தென்பகுதியில் மேற்கு சசெக்சிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. பத்தாம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அது இடம்பெற்றுவிட்டது. வாஸா என்ற பெயருடைய இருவர் இரு வேறு இடங்களில் குடியேறியிருந்தனர் என்பதற்கு மேல் இந்த ஒற்றுமையில் பொருள் காண வேண்டியதில்லை. ஆயினும் இங்கிலாந்தில் இக்குடும்பப்பெயருடைய ஒருவர் தம் மூதாதையர் டர்ஹாமைச் சேர்ந்தவர்கள் என்று முடிவு செய்யும் முன், தெற்கிலிருந்த அந்த ஊரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நில மாற்றமும் பெயர் மாற்றமும்

டர்ஹாம் ஆயருக்கு உரிய நிலங்களிலிருந்து வரவேண்டிய வாரமும் ஊழியமும் 1183-ஆம் ஆண்டு ஒரு பதிவேட்டில் தொகுக்கப்பட்டன. போல்டன் ஏடு என அழைக்கப்படும் அப்பதிவில், வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் என்ற தம் ஊரை விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றிருக்கிறார் என்று எழுதப்பட்டுள்ளது. தேவாலயமும் அதற்குரிய நிலமும் மட்டும் அவர் உரிமைக்கு அப்பாற்பட்டவை. அவர் ஆயருக்கு ஆண்டுதோறும் 4 பவுன் செலுத்த வேண்டும். ஆயர் நடத்தும் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களுடன் செல்ல வேண்டும். இந்த வில்லியமும் அவர் வழிவந்தோரும் அதன்பின் ‘டி வெஸ்ஸிங்டன்’ என்று அழைக்கப்பட்டனர்.

இந்தச் சிறு பதிவு என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் குடும்பப்பெயர் ஒரு நிலப் பரிமாற்றத்தின் விளைவு. ஆயரும் வில்லியமும் அந்த மாற்றத்தைச் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால், ‘கலைமான் ஓடை’ என்று பொருள்படும் ஹெர்ட்பர்னே அக்குடும்பத்தின் பெயராக நிலைத்திருக்கக்கூடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெயர் என்பது ஒருவரோடு ஒட்டிப் பிறந்ததாக இருக்கவில்லை. அவர் வைத்திருந்த நிலத்தோடு ஒட்டியிருந்தது. நிலம் மாறியபோது பெயரும் மாறியது. அதைப் பொய்ப் பெயர் என்றோ மாற்றுப் பெயர் என்றோ அன்று எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர் வழக்கம் 1066-ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப் பிறகே படிப்படியாக வேர்கொண்டது. முதலில் பெருநிலக்கிழார்கள் தம் நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். நில உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றபோது பெயரும் உடன் சென்றது. பொதுமக்களிடையே இது பரவுவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற சில பெயர்களே பதினான்காம் நூற்றாண்டு ஆண்களில் பெரும்பாலோருக்கு இடப்பட்டிருந்த நிலையில், வரி தண்டுபவருக்கும் நீதிமன்ற எழுத்தருக்கும் ஒரு ஜானை இன்னொரு ஜானிடமிருந்து பிரித்தறிய இரண்டாவது அடையாளம் தேவைப்பட்டது. தொழில், தந்தை பெயர், உடல் அல்லது குண இயல்பு, ஊர் ஆகிய நான்கும் அந்த அடையாளத்துக்குக் கைகொடுத்தன. ஊர்ப்பெயரைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. ஓர் ஊரில் வாழும் சாதாரண மனிதரை அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில் பயன் இல்லை, ஏனெனில் அங்கே எல்லோரும் அவ்வூரார். ஊரை விட்டு வேறிடம் சென்றவருக்கே அப்பெயர் அடையாளமாகும். ஆகவே ஊர்ப்பெயர் தாங்கிய எளிய குடும்பங்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்களின் வழியினர். நிலக்கிழார் குடும்பங்கள் மட்டுமே அந்த மண்ணிலேயே இருந்துகொண்டு அதன் பெயரைத் தாங்கியவர்கள். வில்லியம் இரண்டாம் வகையினர்.

‘டி’ என்ற பிரெஞ்சு முன்னொட்டு காலப்போக்கில் உதிர்ந்தது. எழுத்துமுறையோ பதினாறாம் நூற்றாண்டு வரையிலும் ஒரு நிலைக்கு வரவில்லை: வெஸ்ஸிங்டன், வாஸிங்டன், வாஷிங்டன் எனப் பல வடிவங்கள் ஆவணங்களில் கலந்து வருகின்றன. டர்ஹாம் பேராலயத்தைச் சார்ந்த துறவியர் மடத்துக்கு 1416 முதல் 1446 வரை தலைவராக இருந்த ஜான் வெஸ்ஸிங்டன் இப்பெயருக்குரியவர்களில் குறிப்பிடத்தக்கவர். அவர் பொறுப்பேற்பதற்கு முன்பே வாஷிங்டன் பண்ணையின் மூத்த கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போய், ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில் நிலம் மகள் வழியாக வேறொரு குடும்பத்துக்குச் சென்றுவிட்டது. அதாவது, பெயர் எந்த நிலத்திலிருந்து வந்ததோ அந்த நிலம் கைவிட்டுப் போனபின்னும் பெயர் மட்டும் இளைய கிளைகளில் தொடர்ந்தது. 1183-இல் நிலத்தோடு மாறிய பெயர், 1400-இல் நிலம் இல்லாமலே நின்றது. இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரின் பெயர் வழக்கம் முழுவதுமாக மாறிவிட்டதை இந்த ஒரே குடும்பத்தில் காண முடிகிறது.

வார்ட்டன், சல்கிரேவ், பர்லி

இளைய கிளை ஒன்று மேற்கே லங்காஷயரின் வார்ட்டன் என்ற ஊரில் நிலைகொண்டது. அங்குள்ள புனித ஆஸ்வால்ட் தேவாலயத்தில் இக்குடும்பத்தின் கேடயச் சின்னம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது: வெண்ணிறக் களத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள், அவற்றின் மேல் மூன்று சிவப்பு விண்மீன்கள். செல்பி மடாலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிச் சாளரத்திலும் இதே சின்னம் உண்டு. 1938-இல் ஏற்கப்பட்ட வாஷிங்டன் தலைநகரின் கொடி இச்சின்னத்தின் நேர் வடிவம். ஆனால் அமெரிக்க நாட்டுக் கொடியின் விண்மீன்களும் பட்டைகளும் இதிலிருந்தே வந்தன என்று அடிக்கடி சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை. 1777-ஆம் ஆண்டின் கொடித் தீர்மானத்தில் அப்படியொரு குறிப்பு கிடையாது.

வார்ட்டனிலிருந்து தெற்கே நார்தாம்ப்டனுக்குச் சென்ற லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகத்தில் வளம் பெற்று, 1532-லும் 1545-லும் அந்நகரின் மேயராக இருந்தார். எட்டாம் ஹென்றி துறவியர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் பண்ணையை அவர் 324 பவுன் 14 ஷில்லிங் 10 பென்சுக்கு அரசிடமிருந்து வாங்கி, அங்கே இன்றும் நிற்கும் வீட்டைக் கட்டினார். அவருடைய கொள்ளுப்பேரனான இன்னொரு லாரன்ஸ், ஆக்ஸ்போர்டில் பயின்று எசெக்சின் பர்லி என்ற ஊரில் பங்குக் குருவானார். உள்நாட்டுப் போரின்போது, 1643-இல், மதுக்கடைகளில் பொழுதைக் கழிப்பவர் என்ற குற்றச்சாட்டின்பேரில் நாடாளுமன்றத் தரப்பினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அவர் மன்னர் பக்கம் நின்றவர் என்பதை நினைவில் கொண்டே அக்குற்றச்சாட்டை எடைபோட வேண்டும். வறுமையில் 1653-இல் அவர் இறந்தார்.

அவருடைய மகன் ஜான், ‘கடற்குதிரை’ என்ற பெயருடைய லண்டன் கப்பலில் துணை மாலுமியாக 1656-ஆம் ஆண்டின் இறுதியில் புகையிலை ஏற்ற வர்ஜீனியா வந்தார். திரும்பும் வேளையில் கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்ட, ஜான் அங்கேயே தங்கி, 1658-இல் நிலக்கிழார் நத்தானியல் போப்பின் மகள் ஆன் என்பவரை மணந்துகொண்டார். மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். ஜானின் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அவர் மகன் 1732-இல் பிறந்த ஜார்ஜ்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கே இந்த வரலாறு தெளிவாகத் தெரியாது. இங்கிலாந்தின் தலைமைச் சின்னப் பதிவாளரான சர் ஐசக் ஹேர்ட், அவருடைய முன்னோரைப் பற்றி 1791-இல் கடிதம் எழுதிக் கேட்டார். 1792 மே மாதம் எழுதிய மறுமொழியில் ஜார்ஜ், தாம் இப்பொருளில் மிகக் குறைவாகவே கவனம் செலுத்தியிருப்பதாகவும், தம் குடும்பம் இங்கிலாந்தின் வடபகுதிக் கவுண்டிகளில் ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாகவும் குறிப்பிட்டார். ஆறு நூறாண்டு ஆவணத் தொடர்ச்சியுள்ள ஒரு குடும்பத்திலும் ஊரின் நினைவு ஒன்றரை நூற்றாண்டுக்குள் மங்கிவிட்டது.

மவுண்ட் வெர்னன் பட்டியல்

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இப்பெயர் அவர் வழியாக எவருக்கும் பிறப்பால் செல்லவில்லை. உடன்பிறந்தார் வழியிலேயே அக்குடும்பம் தொடர்ந்தது. ஆனால் அவருடைய வாழ்நாளிலேயே பெயர் குடும்ப எல்லையைத் தாண்டிவிட்டது. புரட்சிப் போரின் வெற்றிக்குப் பிறகு வாஷிங்டன் என்பது குழந்தைகளுக்கு இடும் முதற்பெயராக நாடெங்கும் பரவியது. 1783-இல் நியூயார்க்கில் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் பெயர் அவ்வாறு இடப்பட்டதே. 1791-இல் புதிய தலைநகருக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது.

1799-ஆம் ஆண்டு ஜார்ஜ் தம் மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களின் பட்டியலைத் தம் கைப்பட எழுதினார். மொத்தம் 317 பேர். அவர்களில் ஏறத்தாழ 123 பேர் சட்டப்படி அவருடைய உடைமையாகக் கருதப்பட்டவர்கள். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவருடைய சொத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியோர் பிறரிடமிருந்து வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்கள். தம் உடைமையாக இருந்தவர்கள் மனைவியின் மறைவுக்குப் பிறகு விடுதலை பெற வேண்டும் என்று அவர் உயில் எழுதினார். மார்த்தா அதற்கு முன்னதாகவே, 1801 ஜனவரி முதல் நாளில், அவர்களை விடுவித்தார். மற்ற 153 பேரை விடுவிக்கும் உரிமை இருவருக்கும் இல்லாததால், அவர்கள் மார்த்தாவின் முதல் திருமண வழிப் பேரப்பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டனர். ஒரே குடும்பத்தில் கணவன் விடுதலை பெற்றவராகவும், மனைவியும் பிள்ளைகளும் பிறர் கைக்குப் போனவர்களாகவும் பிரிந்த நிலை நேர்ந்தது. அந்தப் பட்டியலில் தாய், துணை, தொழில், வயது ஆகியவை உண்டு. பெரும்பாலோருக்கு முதற்பெயர் மட்டுமே எழுதப்பட்டுள்ளது.

அந்தப் பண்ணையிலிருந்து தப்பிய ஒருவர் அதற்கு முன்பே இந்தக் குடும்பப்பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியப் பகுதியில் பிறந்தவராகக் கருதப்படும் ஹாரி, 1763-இல் ஜார்ஜ் வாஷிங்டனால் விலைக்கு வாங்கப்பட்டார். போர் தொடங்கியபின், தப்பி வரும் அடிமைகளுக்கு விடுதலை அளிப்பதாக உறுதி கூறிய ஆங்கிலேயர் பக்கம் அவர் ஓடிச் சேர்ந்தார். 1783-இல் நியூயார்க்கை விட்டு ஆங்கிலேயர் வெளியேறியபோது, உடன் சென்ற கறுப்பின மக்களின் பெயர்களைப் பதிந்த ஏட்டில், 43 வயதுள்ள ஹாரி வாஷிங்டன் என்றும், முன்பு தளபதி வாஷிங்டனின் உடைமையாக இருந்து ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரைவிட்டு நீங்கியவர் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும், அங்கிருந்து 1792-இல் சியரா லியோனுக்கும் அவர் சென்றார். 1800-இல் அக்குடியேற்றத்தின் நிர்வாகம் விதித்த நில வரியை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியில் பங்குபற்றியதற்காக நாடுகடத்தப்பட்டார். தம்மை விலைக்கு வாங்கியவரின் பெயரை அவர் எந்த மனநிலையில் ஏற்றார் என்பதை அந்த ஏடு சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயருடன் அவர் இரு முறை கடல் கடந்தார். இறுதிவரை அடிபணியவில்லை என்பது ஆவணத்தில் இருக்கிறது.

பள்ளியில் பெயர் சொன்ன சிறுவன்

பெருந்திரளாக இப்பெயர் கறுப்பின மக்களிடையே பதிவானது 1865-இல் அடிமை முறை ஒழிந்த பிறகுதான். இவர்கள் எல்லோரும் வாஷிங்டன் குடும்பத்தினரின் பண்ணைகளில் இருந்தவர்கள் என்று கருதுவது பிழை. இக்குடும்பத்தின் பல கிளைகள் அடிமைகளை வைத்திருந்தது உண்மையே. அவ்வழியில் பெயர் பெற்றவர்களும் உண்டு. ஆனால் விடுதலை பெற்றவர்கள் பல வழிகளில் குடும்பப்பெயர் கொண்டனர். சிலர் அடிமைக் காலத்திலேயே, எசமானர் அறியாமல், தமக்குள் ஒரு குடும்பப்பெயரை வழங்கி வந்தனர். சிலர் கடைசி எசமானரின் பெயரை விலக்கி, தம் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ வாழ்ந்த பழைய பண்ணைக்காரரின் பெயரைத் தேர்ந்தனர், ஏனெனில் விற்பனையால் சிதறிய உறவினர் அந்தப் பெயரை வைத்தே ஒருவரையொருவர் தேடிக்கொள்ள முடியும். சிலர் நாட்டின் தலைவர் பெயரை விரும்பி எடுத்தனர். சிலர் தந்தையின் முதற்பெயரைக் குடும்பப்பெயராக்கினர்.

இந்தக் கடைசி வழிக்கு நன்கு பதிவான சான்று, பின்னாளில் டஸ்கிஜி கல்வி நிறுவனத்தை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவருக்குப் புக்கர் என்ற ஒரே பெயர்தான் தெரியும். விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவின் மால்டனில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றபோது, ஆசிரியர் பெயர்களைப் படிக்கக் கேட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களேனும் இருப்பதைக் கவனித்தார். தம் முறை வந்ததும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்று சொன்னார். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய வளர்ப்புத் தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். தாய் தமக்கு ‘டாலியஃபெரோ’ என்ற பெயரையும் சேர்த்து இட்டிருந்ததைப் பின்னர் அறிந்து, அதை நடுப்பெயராக வைத்துக்கொண்டார். ‘இரும்பை வெட்டுபவர்’ என்று பொருள்படும் இத்தாலியப் பெயரான அதுவும், வர்ஜீனியாவின் நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் குடும்பப்பெயரே.

பெயர் வகைப்பாட்டின்படி பார்த்தால் புக்கரின் வாஷிங்டன், ஊர்ப்பெயர் வகையைச் சேராது. ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகி, குடும்பப்பெயர் ஒரு புகழ்பெற்ற மனிதரால் முதற்பெயராகி, அந்த முதற்பெயர் மீண்டும் ஒரு சிறுவனின் வாயில் குடும்பப்பெயரானது. ஜான்சன் என்பது ஜானின் மகன் எனப் பொருள்படுவது போலவே, இது தந்தை வழிப் பெயர். எழுத்துகள் ஒன்றேயாயினும் சல்கிரேவின் வாஷிங்டனும் மால்டனின் வாஷிங்டனும் இரு வேறு குடும்பப்பெயர்கள் என்று கொள்வதே முறை. அகராதிகள் இவ்விரண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வைத்து, 1183-ஐ மட்டும் தோற்றமாகக் காட்டுவது பெரும்பான்மையோரின் வரலாற்றை விட்டுவிடுவதாகும்.

மரபணு ஆய்வும் இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்க இடம் தருவதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் நிறப்புரி (குரோமோசோம்), ஆங்கிலக் குடும்பப்பெயர் செல்லும் அதே பாதையில் செல்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டன்பரோ என்ற அரிய பெயருடைய ஆண்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வகை நிறப்புரியைக் கொண்டிருந்தனர். ஸ்மித் போன்ற பரவலான பெயர்களில் அத்தகைய ஒருமை இல்லை. ஒரே மூதாதையிடமிருந்து பிறப்பு வழியாகவே பரவிய பெயருக்கு இம்முறை பொருந்தும். பல்லாயிரம் பேர் தனித்தனியே தேர்ந்தெடுத்த பெயருக்கு அது எந்த ஒற்றை மூதாதையையும் காட்டித்தர இயலாது.

ஆகவே அமெரிக்காவில் இப்பெயருடைய ஒரு கறுப்பினக் குடும்பம் தன் வழியைத் தேடத் தொடங்கும்போது போல்டன் ஏடு உதவாது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே முதல் வாசல். அடிமை முறை ஒழிந்தபின் எடுக்கப்பட்ட முதல் நாடளாவிய கணக்கெடுப்பு அது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் எசமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக எழுதப்பட்டன. மிகச் சிலரைத் தவிர எவருக்கும் பெயர் இல்லை. 1870-க்கு முன்னே செல்ல வேண்டுமானால், அக்குடும்பம் அருகில் வாழ்ந்த வெள்ளை நிலக்கிழார்களின் உயில்களையும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். அங்கே குதிரைகளுக்கும் கட்டில்களுக்கும் இடையில் ஒரு முதற்பெயரும் அதன் எதிரே ஒரு தொகையும் எழுதப்பட்டிருக்கும். அந்த முதற்பெயரும் ஏறத்தாழ வயதும் 1870-ஆம் ஆண்டுப் பதிவோடு ஒத்துப்போனால்தான், வாஷிங்டன் என்ற குடும்பப்பெயருக்கு முன்பிருந்த ஒரு தலைமுறை கிடைக்கும்.